படக்கதை வாசிப்பதும் வாசிப்புதான்

 

என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாய், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு தகப்பனார் கொதித்திருக்கிறார்: "லைப்ரரி பீரியடில் பிள்ளைகள் காமிக்ஸ் பார்க்கிறார்கள். இதற்கா ஃபீஸ் கட்டுகிறோம்?" கீழே இருபது பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். மறுநாளே அந்தப் புத்தகம் பீரோவுக்குள் போய்விட்டது. நாவலாக இருந்தால் சரியாம், படமாக இருந்தால் கூடாதாம்.

எந்தப் புத்தகம் தெரியுமா? பெர்சி ஜாக்சன் வரிசையின் முதல் நாவலான 'தி லைட்னிங் தீஃப்'. அதன் கிராஃபிக் நாவல் வடிவம்.

34 ஆண்டுகள் வகுப்பறையில் சுண்ணாம்புத் தூள் குடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டிய புத்தகங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்றல்ல.

முதலில் அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். எழுதிய ரிக் ரியார்டன் நம்மைப் போல ஒரு வாத்தியார். அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலமும் வரலாறும் நடத்தியவர். அவர் மகனுக்கு டிஸ்லெக்சியா, கூடவே ஒரு இடத்தில் நிற்காத கவனச் சிதறல். பையனுக்குப் பிடித்த ஒரே விஷயம் கிரேக்கப் புராணம். தினமும் ராத்திரி கதை சொல்லிச் சொல்லி அப்பாவிடம் இருப்புத் தீர்ந்துபோனது. புதிதாக ஒன்றைக் கட்டிச் சொன்னார். அதுதான் 2005இல் நாவலாக வந்தது.

கதாநாயகனுக்கு 12 வயது. அவனுக்கும் டிஸ்லெக்சியா. ஒவ்வொரு பள்ளியாகத் துரத்தப்பட்டவன். பிறகுதான் தெரிகிறது, அவன் கடல் தெய்வம் பொசைடனின் மகன். அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காகச் செய்யப்பட்டது, அதனால்தான் ஆங்கில எழுத்து ஆடுகிறது. ஓரிடத்தில் உட்கார முடியாத அந்தத் துருதுருப்பு போர்க்களத்தில் உயிர் காக்கும் குணம். வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆறுதலை எந்தப் பாடநூல் தந்திருக்கிறது?

எழுத்தைக் கண்டாலே பயப்படும் பிள்ளைக்காகப் பிறந்த கதை. அது அந்தப் பிள்ளை கையில் எடுக்கக்கூடிய வடிவத்தில் வந்தால் "இது படிப்பே இல்லை" என்று பிடுங்குகிறோம். இதை என்னவென்று சொல்வது?

"படம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது, பிள்ளைக்குக் கற்பனை வளராது" என்பார்கள். இப்படிச் சொல்பவர்கள் ஒரு படக்கதையையும் கவனமாகப் புரட்டியதில்லை. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெள்ளைக் கோடு போல ஓர் இடைவெளி இருக்கிறதே, கதை பாதி அங்கேதான் நடக்கிறது. முதல் கட்டத்தில் ஓங்கிய வாள். அடுத்ததில் தரையில் புழுதி. நடுவில் வெட்டியது யார்? படிக்கிற பிள்ளைதான். ஸ்காட் மெக்லவுட் 1993இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே போட்டார், அதையும் படக்கதையாகவே போட்டார். முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க வேண்டும், பலூனுக்குள் இருக்கும் சொல்லை அந்த முகத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும், எந்தக் கட்டம் முதலில், எது பிறகு என்று தானே தீர்மானிக்க வேண்டும். இது வேலை இல்லையா?

இந்த நாவலிலேயே மெடூசா வரும் இடம் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரம் சிலைக் கடை வைத்திருக்கும் ஒரு அத்தை. முகத்திரை போட்டிருப்பாள். கடை வாசலில் விளக்குப் பலகை. பெர்சியின் கண்ணுக்கு அதன் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பித் தெரியும், நாவலிலும் அப்படியே குழப்பித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். கூட வரும் நண்பன் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். யோசித்துப் பாருங்கள், ஓர் ஓவியனுக்கு இது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்பதை ஒரே கட்டத்தில் மற்ற 39 பிள்ளைகளுக்கும் காட்டிவிடலாம். நான் அரை மணி நேரம் பேசினாலும் அது புரியாது.

அதே இடத்தில் சிக்கலும் இருக்கிறது. மெடூசாவைப் பார்த்தால் கல்லாகிவிடுவோம். பார்க்கக் கூடாததை எப்படி வரைவது? எழுத்து மறைத்துவிட்டுப் போய்விடும். ஓவியன் நிழலில் காட்டலாம், கண்ணாடிக் கோளத்தில் பிம்பமாகக் காட்டலாம், சிலைகளின் பயந்த முகங்களை மட்டும் காட்டலாம். ஒவ்வொன்றும் ஒரு முடிவு. கதையைப் படமாக்குவது நகலெடுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பக்கத்தை வரைந்து காட்டட்டும்.

இனி நம் பக்கத்து ஆட்களுக்கும் இரண்டு வார்த்தை.

இந்தக் கிராஃபிக் நாவல் 2010இல் வந்தது. ராபர்ட் வெண்டிட்டி கதையைச் சுருக்கினார், அட்டிலா ஃபுடாகி வரைந்தார். மூலத்தில் 22 அத்தியாயம், படத்தில் 128 பக்கம். கணக்குப் போட்டால் ஓர் அத்தியாயத்துக்கு ஆறு பக்கம்கூட இல்லை. விளைவு என்ன? ஓவியம் அழகு, ஓட்டம் வேகம், ஆனால் பெர்சியின் கிண்டல் மெலிந்துவிட்டது. நாவலின் உயிரே அவன் தன் கதையைத் தானே நக்கலாகச் சொல்லும் அந்தக் குரல்தான். சண்டைக் காட்சியைக் காப்பாற்றிவிட்டுக் குரலைச் சுருக்கினால், பிள்ளைக்குக் கிடைப்பது இன்னொரு சண்டைக் கதை. பக்கத்தை மிச்சம் பிடிக்கிற பதிப்பகக் கணக்குக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கக் கூடாது.

நம் ஊர் புராணப் படப் புத்தகங்களில் இதற்கு நேர்மாறான கொடுமை. மூலத்தில் இருந்த பத்தியை அப்படியே பெட்டிக்குள் திணித்து, கீழே ஒரு ராஜாவை நிற்க வைத்துவிடுகிறார்கள். படம் சொல்வதையே எழுத்தும் சொன்னால் படம் எதற்கு? அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்ரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். தோளில் பிணம், கையில் வாள், இருட்டு. அந்த ஒரு படத்துக்கு விளக்கம் வேண்டியிருந்ததா?

"புராணத்தைப் பொம்மையாக்குவதா?" என்று கேட்கும் பக்தர்களுக்கு: ஒருமுறை தாராசுரம் போய் வாருங்கள். ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பக் கட்டங்களாகச் செதுக்கி, யார் கதை என்று எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டு! படமும் எழுத்தும் சேர்த்துக் கதை சொன்னால் தெய்வம் குறைந்துபோகும் என்று சோழனுக்குத் தோன்றவில்லை.

எனக்கு அதிகக் கோபம் வருவது எதிர்ப்பவர்கள் மேல் அல்ல. ஆதரிப்பது போல ஒன்று சொல்வார்களே, அவர்கள் மேல்தான். "பரவாயில்லை சார், படிப்பு வராத பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாம்." இந்த வாக்கியத்தை அந்தப் பிள்ளை கேட்டால் என்ன ஆகும்? புத்தகம் முத்திரை ஆகிவிடும். கையில் எடுத்தாலே "இவன் மக்கு" என்று வகுப்பே அறிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் படத்தையும் தொட மாட்டான், எழுத்தையும் தொட மாட்டான்.

எண்பதுகளில் என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். தமிழ்ப் பாடத்தில் இரண்டு வரி வாய்விட்டுப் படிக்க வியர்த்துவிடும். ஆனால் இரும்புக்கை மாயாவியைக் கட்டம் கட்டமாகச் சொல்வான், வசனம் பிசகாது. அந்த வசனத்தை அவன் எங்கிருந்து எடுத்தான்? அச்சிட்ட எழுத்திலிருந்துதானே? அவனுக்குப் படிக்க வரும். நாம் கொடுத்ததைத்தான் அவனால் படிக்க முடியவில்லை.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள். நாவலையும் கிராஃபிக் நாவலையும் ஒரே அலமாரியில், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் ரேங்க் பிள்ளைக்கும் இரண்டையும் கொடுங்கள். மெடூசா காட்சியை இரண்டிலும் படிக்கச் சொல்லி, எது விட்டுப்போனது, எது கூடியது, நீயாக இருந்தால் எப்படி வரைவாய் என்று கேளுங்கள். அந்த ஒரு பாடவேளையில் உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்ச் முதலில் கை தூக்கும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதலாம். ஒரே நிபந்தனை, அந்தப் புத்தகத்தை ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள்.