கொன்றவனைத் தலைப்பில் காணோம்

'காதல் விவகாரத்தில் வாலிபர் கொலை.' இப்படி எத்தனையோ தலைப்புகளை நாம் படித்துக் கடந்திருக்கிறோம். கொல்லப்பட்டவர் இருக்கிறார், காதலும் இருக்கிறது. கொன்றவன் எங்கே? செய்திக்குள் போனால் 'அவமானம் தாங்காத அண்ணன்', 'ஆத்திரமடைந்த தந்தை' என்று வருவான். அவன் செய்த கொலையை விட அவன் பட்ட வேதனைதான் அதில் பெரிதாகத் தெரியும்.

குள்ளஞ்சாவடியில் இருக்கும் நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. நம் கடலூர் மாவட்டம் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன், கண்ணகி இருவரும் 2003 மே மாதம் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் தலித், பொறியியல் பட்டதாரி. அந்தப் பெண் வன்னியர். ஜூலை 8 அன்று ஊரார் பார்க்க, இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். இரண்டு குடும்பங்களும் சேர்ந்தே கொன்றதாகக் காவல்துறை கதை கட்டியது. மகனைப் பறிகொடுத்த குடும்பத்தினரையே குற்றவாளிகள் ஆக்கினார்கள்! வழக்கு சிபிஐக்குப் போன பிறகுதான் உண்மை வெளிவந்தது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும், தந்தை உட்பட 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. தூக்கை உயர்நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. பொய்ச் சாட்சியங்களை உருவாக்கிய இரண்டு காவல் அதிகாரிகளும் தப்பவில்லை. இதற்கு 22 ஆண்டுகள் ஆனது.

முன்பெல்லாம் பத்திரிகைகள் இதைக் 'கௌரவக் கொலை' என்றே எழுதின. கொலையில் என்ன கௌரவம் என்று பலரும் கேட்டதால் இன்று 'ஆணவக் கொலை' என்று எழுதுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் சொல் மாறிய அளவுக்கு மனம் மாறவில்லை. 2025 ஜூலையில் நெல்லையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டபோது, குற்றம் சாட்டப்பட்ட இளைஞரை வீரனாக்கிச் சமூக ஊடகங்களில் பதிவுகள் வலம் வந்தன. தங்கைக்காக, அக்காவுக்காக அரிவாள் தூக்குபவனே ஆண்பிள்ளை என்று சினிமா பல காலமாகச் சொல்லிவந்த கதைதான் அது.

பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்து, ஊராருக்கு அஞ்சி ஒளிந்துகொண்டவனைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயம் பேசுகிறது. அவளை வைத்துக்கொள்வதா, மண்ணில் புதைப்பதா என்று யோசித்தானே, அவனும் அதை மானம் என்றுதான் நினைத்தான். அல்லாஹ் அவன் தீர்ப்பைக் கெட்டது என்கிறான்.

சாதி நம்மிடம் இல்லை என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வீட்டை விட்டுப் போன பெண்ணைப் பற்றி ஊரே பேசுகிறது. வட்டிக்கு விடுகிற, மனைவியை அடிக்கிற, மஹரையே திருப்பி வாங்குகிற ஆணைப் பற்றி எந்த ஜமாஅத்தில் விசாரணை நடந்தது? கவின் செய்தி தொலைக்காட்சியில் ஓடிய இரவில், மகளை அருகில் அழைத்து "பார்த்தியா, ஜாக்கிரதையா இரும்மா" என்ற வாப்பாக்கள் நம்மில் உண்டு. மகனும் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.