கையில் படாத துணி

இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களில் இப்போது கைவினைப் பேச்சு மிகுந்திருக்கிறது. எழுதாத நேரத்தில் ஒருவர் மண்கலம் வனைகிறார். இன்னொருவர் புத்தகம் கட்டுகிறார். ஒட்டுத்துணிப் போர்வை தைப்போர் தொகையும் பெருகிவருகிறது. பல நிறத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பை வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தையலோட்டும் இந்தப் போர்வையை நகரத்தார் 'க்வில்ட்' என்ற பெயரால் அறிவர். நல்ல வேலை, பொறுமையைக் கேட்கும் வேலை. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் தவறாமல் சேர்த்துக்கொள்ளும் ஒரு வாக்கியம் உண்டு: "நல்ல துணி இங்கே எங்கே கிடைக்கிறது? எல்லாம் இணையத்தில்தான் வரவழைக்கிறேன்."

அந்த 'இங்கே' என்னும் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

'இங்கே' என்பது எது? பாகூர்க் கொம்யூனில் பனித்திட்டு என்னும் கடலோரச் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அதற்கு வடக்கே, புதுச்சேரியை அணுகும் வழியில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், செங்கல் தொட்டிகளைக் கண்டு, அவை மெல்லிய பருத்தித் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டிருக்கலாம் என்று கருதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் துணிக்கட்டுகளின் வரவும் செலவும் வந்துகொண்டேயிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'கினே' என்று பெயர்பெற்ற புதுச்சேரியின் நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் ஆற்றங்கரை வரை சென்று, அங்கே பிசின் வணிகத்தில் பணமாகவே புழங்கிற்று. 1898-இல் தோன்றிய ரோடியர் மில் 2020-இல்தான் மூடப்பட்டது. எட்டு மணிநேர வேலை கேட்டுப் போராடியபோது, 1936 ஜூலை 30 அன்று, பன்னிரண்டு மில் தொழிலாளர் சுடப்பட்டு மாண்ட ஊரும் இதுதான். இத்தகைய நிலத்தில் நின்றுகொண்டு துணி எங்கே கிடைக்கிறது என்று கேட்பவர்க்கு, வரலாற்றை ஓதுவதோடு என் மறுமொழி முடிந்துவிடுமானால், அது வெறும் ஊர்ப்பெருமை. எனவே வரலாற்றை இங்கேயே நிறுத்திக்கொண்டு கத்தரிக்கோலுக்கு வருகிறேன்.

துணி என்ற சொல்லுக்கு அடி, துணித்தல்: வெட்டுதல். அறுவை என்ற பழஞ்சொல்லும் அறுத்தலிலிருந்தே பிறந்தது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவருக்குப் பெயரே அமைந்திருக்கிறது. நம் தோளில் கிடக்கும் துண்டும் அவ்வகையே. நெய்ததை வைத்துப் பெயரிட்டிருக்கலாம். நம் முன்னோர் வெட்டியதை வைத்துப் பெயரிட்டனர். நெசவு நெய்பவனின் காரியம். வெட்டும் நொடியிலோ விற்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். கத்தரி இறங்கும் வரை 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை வாங்குபவரிடம் இருக்கிறது. இறங்கிய பின் இல்லை. இணைய வணிகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. முதலில் பணம், பிறகு வெட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கை.

கை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். பிற துணியைப் பற்றி எனக்குக் கவலையில்லை; ஒட்டுப்போர்வைக்குக் கை எல்லாமும் செய்யும். ஒரு சட்டை ஒரே துணியால் ஆவது. அது சுருங்கினால் முழுதும் சுருங்கும், வெளுத்தால் முழுதும் வெளுக்கும். ஒட்டுப்போர்வையில் பதினைந்து துணிகள் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. பருத்தித் துண்டு சுருங்கிப் பக்கத்திலிருக்கும் பாலியெஸ்டர் துண்டு சுருங்காது நின்றால் தையல் நெளிந்து போர்வை கொப்புளம் கொப்புளமாக எழும். ஆகவே தைப்பவள் கடையில் முதலில் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவாள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுத்துக் கடுகுபோல் திரண்டால் கலப்பு. அடுத்து துணியை இரு விரலுக்கிடையே கசக்குவாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அந்தக் கனம் நூலின் கனமன்று, கஞ்சியின் கனம். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாவும் ஊடையும் ஒரே அளவில் நெருங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பாள்; பாவு நெருங்கி ஊடை தளர்ந்திருந்தால் வெட்டிய சதுரம் தைக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கும். கடைசியாக நனைத்த கைக்குட்டையால் சிவப்பையும் கருநீலத்தையும் அழுத்தித் துடைத்துப் பார்ப்பாள். இத்தனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது. இந்த ஐந்து நிமிடத்தை எந்தத் திரையிலும் வாங்க முடியாது. 'நூறு விழுக்காடு பருத்தி' என்று எழுதியிருப்பதை வாசிக்கலாம். வாசிப்பு நம் தொழில்தான். ஆனால் துணி வாசிக்கும் பொருளன்று.

பனித்திட்டில் தையற்பொறி ஒன்றை வைத்துப் பிழைக்கும் அக்கா ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நகரத்து வாடிக்கையாளர் ஒருவர், இணையத்தில் வரவழைத்த துணிக்கட்டைக் கொடுத்துக் குழந்தைப் போர்வை தைக்கச் சொன்னார். துணி அவருடையது, உழைப்பு இவருடையது. பத்து நாள் மாலைப்பொழுதுகள் அதற்குப் போயின. முதல் சலவையிலேயே அரக்குச் சிவப்பு வெள்ளைச் சதுரங்களில் ஏறிற்று. விற்ற இணையக் கடையோ, வெட்டிய துணியைத் திரும்பப் பெறுவதில்லை என்று விதியைக் காட்டியது. வாடிக்கையாளர் மீதிக் கூலியைத் தரவில்லை. "துணியை நான் பார்த்து வாங்கியிருந்தா அந்தச் சிவப்பைத் தொட்டிருக்கவே மாட்டேன்" என்றார் அக்கா. இணையத் துணியின் விலையைக் கணக்கிடும் நண்பர்கள் இந்தக் கூலியை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

சாயம் ஓடுவது புதுக்கதையன்று. 1958-இல் சென்னைக் கட்டம்போட்ட துணி அமெரிக்காவுக்குப் போயிற்று. குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை சட்டை வாங்கியவர் வரை எட்டவில்லை. துவைத்தார்கள், நிறம் ஓடிற்று, கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாயம் ஓடுவதே இத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து அதையே நாகரிகமாக்கிவிட்டார்கள். 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று பெயரும் நிலைத்தது. சட்டையில் இந்தச் சாமர்த்தியம் செல்லும். ஒரு நிறம் மற்றொன்றில் கலந்து அழகாகவும் இருக்கக்கூடும். ஒட்டுப்போர்வையிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் எல்லை உண்டு. எல்லைதான் அதன் அழகே.

அடுத்து அளவு. 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் கொண்ட ஒற்றைக் கட்டில் போர்வைக்கு, ஆறங்குலச் சதுரங்கள் 150 வேண்டும். தையலுக்கு அரை அங்குலம் சேர்த்தால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். நம் கடைகளில் ரவிக்கைத் துணி 36 பன்னா. அதன் குறுக்கே ஐந்து சதுரம் வரும். பதினைந்து நிறம் என்று வைத்தால் நிறத்துக்குப் பத்துச் சதுரம், அதாவது இரண்டு வரிசை, 13 அங்குலம், ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். மொத்தம் ஐந்து மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இணையத்தில் மீட்டர் துணி விற்போர் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குக் கீழே வெட்டுவதில்லை. பதினைந்து நிறத்துக்குப் பதினைந்து மீட்டர். மூன்று போர்வைக்கான துணியை வாங்கி ஒன்றைத் தைக்கிறோம். மீதி அலமாரியில் கிடக்கும். முன்பே வெட்டிக் கட்டிய சிறு துண்டுக் கட்டுகளும் கிடைக்கின்றனவே எனலாம். கிடைக்கின்றன, ஆனால் அங்கே எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பதை வேறொருவர் தீர்மானித்துவிட்டார். நிறத்தேர்வைக் கழித்துவிட்டால் இந்தக் கலையில் எஞ்சுவது கோடு பிசகாமல் தைப்பது மட்டுமே. யாரோ தொகுத்த மேற்கோள்களை வரிசைப்படுத்திக் கட்டுரை என்று நீட்டும் மாணவர்களை வகுப்பில் கண்டிக்கிறோம், நினைவிருக்கட்டும்.

கடைக்காரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கிருமாம்பாக்கத்திலோ பாகூரிலோ கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலோ, கால் மீட்டர் கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் கடைகள் உண்டு. கலப்புத் துணியைக் 'காட்டன்' என்று கூசாமல் சொல்லும் நாவுகளும் உண்டு. குழல்விளக்கின் கீழ் நீலமாயிருந்தது வாசலுக்கு வந்தால் ஊதாவாகும். மேலும், 'உள்ளூர்த் துணி' என்று உருகுவதும் பொய்யுருக்கம். அந்தத் தான்களில் பெரும்பகுதி ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் பிவண்டியிலிருந்தும் வந்திறங்கியது. நம் மில்கள் மூடிக் கிடக்கின்றன. உள்ளூரில் எஞ்சியிருப்பது வெட்டித்தரும் மேசை ஒன்றுதான். அந்த மேசையைத்தான் நான் காக்கச் சொல்கிறேன். அது போய்விட்டால் பொய்யைப் பொய்யென்று முகத்துக்கு நேரே சொல்லும் இடமும் போய்விடும். 'காட்டன்' என்றவரிடம் தீக்குச்சியைக் காட்டலாம். திரையிடம் எதைக் காட்டுவது?

இணையத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவனவற்றுள் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. பேருந்தேறி நகரம் போய்வர இயலாத பெண்ணுக்கு, கடைக்காரரின் பார்வைக்கு ஆளாக விரும்பாதவளுக்கு, அது ஒரு வாசலைத் திறக்கிறது. மறுக்கமாட்டேன். ஆனால் பனித்திட்டுத் தையற்காரருக்குக் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது: இன்று துணி, தைத்துக் கூலி வந்தபின் பணம். அந்தக் கடன் முகம் பார்த்துத் தருவது. வாசல் திறந்ததாகப் புகழப்படும் இணையமோ முன்பணம் கேட்கிறது, அல்லது பொட்டலம் வந்து நிற்கும் நேரத்தில் கையில் ரொக்கம் கேட்கிறது. வசதியுள்ளோர் மெல்ல மெல்ல விலகிப் போனால் கடையும் போகும், நோட்டும் போகும். இழப்பு நம்முடையதாக இருக்காது.

போர்வைக்குப் புதுத்துணியே எதற்கு, கந்தல்தானே மரபு என்று தூய்மைவாதிகள் இடைமறிப்பர். பொருநராற்றுப்படையில் வரும் பொருநனின் ஆடை வேறு நூல் நுழைத்து ஒட்டுப்போட்ட கந்தல்; கரிகாலன் அதைக் களையச் செய்து மெல்லாடை அளித்தான். அவன் அதை ஒரு கலைப்பொருளாகப் போற்றவில்லை என்பதையும் கவனிக்க. கந்தலில் அழகு காண்பதற்குப் பெட்டியில் நல்லாடை இருக்க வேண்டும். இருந்தும் மிச்சத்துணியால் மதிப்பு உண்டாக்கலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பகம், மீனவப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, ஆடைத் தொழிற்கூடங்களின் வெட்டுத்துண்டுகளால் 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மைகளைச் செய்யவைத்தது. அவை விற்கப்படவில்லை, பரிசாக உலகெங்கும் சென்றன. அங்கும் துணி செய்பவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

ஆதலால் நண்பர்களே, உருள்கத்தியையும் அளவுப் பலகையையும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பையும் இணையத்தில் வரவழையுங்கள். அவை சிற்றூர்க் கடையில் கிடைப்பதில்லை, சாயமும் போகாது. துணிக்கு மட்டும் நடந்து போங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கால் மீட்டர் கேட்டால், முதல் மாதம் முனகுகிற கடைக்காரர் மூன்றாம் மாதம் தானே துண்டுகளை எடுத்து ஒதுக்கி வைப்பார். ஐப்பசியில் மட்டும் வேண்டாம். தீபாவளிக் கூட்டத்தில் கால் மீட்டர் என்று வாயைத் திறந்தால் யாராயிருந்தாலும் முறைக்கத்தான் செய்வார்.