எலினோர் யாருடைய கார்?

எலினோர் மேல் காதலாகித் திரியும் நண்பர்களுக்கு முதலில் ஒரு கெட்ட செய்தி. அப்படி ஒரு கார் இல்லை.

2000 ஆம் ஆண்டு வந்த 'கோன் இன் சிக்ஸ்டி செக்கன்ட்ஸ்' படத்தில் நிக்கலஸ் கேஜ் ஓடித்திரியும் சாம்பல் நிற மஸ்டாங்கைத்தான் சொல்கிறோம். கறுப்புக் கோடு, வீங்கின பொனற், மூக்கின் நடுவில் இரண்டு விளக்கு, கதவுக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சைலன்சர், கியர் தடியின் தலையில் நைட்ரஸ் சுவிட்ச். படம் அதை 1967 ஷெல்பி ஜிடி500 என்று அறிமுகப்படுத்துகிறது. ஆனால் 1967 இல் ஷெல்பி விற்ற ஜிடி500 இப்படி இருக்கவில்லை. படத்துக்காக ஸ்டீவ் ஸ்டான்ஃபோர்ட் என்பவர் ஒரு சித்திரம் வரைந்தார். சிப் ஃபூஸ் அதற்கு உடம்பு கொடுத்தார். கலிபோர்னியாவில் படங்களுக்கு வாகனம் செய்துகொடுக்கும் சினிமா வெஹிக்கிள் சேர்விசஸ் என்ற கம்பனி சாதாரண மஸ்டாங் ஃபாஸ்ட்பக் கார்களைப் பிடித்து, ஃபைபர் கிளாஸ் உடுப்பு மாட்டி, பத்துக்கு மேற்பட்ட எலினோர்களை உருவாக்கியது. கிட்டத்தில் வைத்து அழகாகப் படம்பிடிக்கச் சில, மோதி நொருக்கச் சில. அவற்றில் ஒன்றுகூட அசல் ஷெல்பி இல்லை. வின்சென்ட் தோமஸ் பாலத்தில் அது பறக்குதே, நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த அந்தப் பாய்ச்சலில் பெரும்பகுதி கணினி செய்தது.

(மஸ்டாங்கை 'மஸில் கார்' என்று சொன்னாலே சண்டைக்கு வரும் ஆட்கள் இருக்கிறார்கள். அது 'போனி கார்' வகையாம். அந்தச் சண்டையை அவர்களுக்கே விடுகிறோம்.)

வேஷம் போட்டதில் எங்களுக்குக் கோபமில்லை. சினிமா என்றால் வேஷம்தான். வேஷம் கட்டினவரை மறந்துவிட்டு வேஷத்தைக் கும்பிடுவதுதான் எங்கள் பிரச்சினை. 'எலினோர்தான் படத்தின் உண்மையான கதாநாயகி' என்று எழுதும் ஒவ்வொரு விமர்சனமும் அந்தக் கும்பிடுதலைத்தான் செய்கிறது. அந்த வசனம் எங்கள் வட்டத்திலேயே பல தடவை எழுதப்பட்டுவிட்டது. அதனால் இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லவேண்டியிருக்கு.

2000 ஆம் ஆண்டுப் படத்தைக் கொண்டாடுகிற பலர் அதன் மூலப்படத்தைப் பார்த்ததே இல்லை. 1974 இல் வந்த அந்தப் படத்தை எழுதி, இயக்கி, தயாரித்து, அதில் கதாநாயகனாக நடித்து, காரையும் தானே ஓட்டியவர் எச். பி. ஹாலிக்கி. அவரின் தொழில் பழைய வாகனம் வாங்கி உடைத்து விற்பது. ஹொலிவூட்டுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒழுங்கான திரைக்கதை கிடையாது, நடித்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரரும் கூட்டாளிமாரும். கடைசியில் வரும் துரத்தல் மட்டும் கிட்டத்தட்ட 40 நிமிடம் ஓடும். மொத்தம் 93 கார்கள் நொருங்கின. துரத்தலின் நடுவில் மஸ்டாங் ஒரு கம்பத்தில் போய் அடிக்கிறதே, அது திட்டமிட்டு எடுத்த காட்சி அல்ல. உண்மையான விபத்து. ஹாலிக்கி காயப்பட்டார், பிறகு தேறி வந்து அதே காட்சியைப் படத்தில் வைத்துக்கொண்டார். அந்த எலினோர் ஒரு மஞ்சள் மஸ்டாங். 1971 மொடல், 73 மாதிரித் தெரிவதற்கு முன்பக்கம் மாற்றப்பட்டது. அழகியெல்லாம் இல்லை. படம் முடியும்போது அது நெளிந்து, கிழிந்து, ஒரு பழைய தகர டின் மாதிரி நிற்கும்.

அந்தப் படத்தை நாங்கள் மதிப்பதற்குக் காரணம் துரத்தல்கூட அல்ல. கார்க்களவு எப்படி ஒரு தொழிலாக நடக்கிறது என்று அதற்குத் தெரியும். கதாநாயகன் வெளியில் காப்புறுதிக் கம்பனிகளுக்கு விசாரணை செய்து கொடுப்பவன். உள்ளுக்குள் கள்ளன். விபத்தில் சிதைந்துபோன கார்களை மலிவாக, சட்டப்படி, பத்திரத்தோடு வாங்குவான். பிறகு அதே மொடலில், அதே நிறத்தில் ஒரு நல்ல காரைத் திருடுவான். சிதைந்த காரின் இலக்கத் தகடும் பத்திரமும் திருடின காருக்கு மாறும். சிதைந்தது உடைபட்டுப் போகும். திருடினது 'திருத்தின கார்' என்று ஊருக்குள் ஓடும். காப்புறுதி இல்லாத காரைத் தொடக்கூடாது என்று ஒரு விதியும் வைத்திருப்பான். நட்டம் கம்பனிக்குப் போகட்டும், சனத்துக்குப் போகக்கூடாது என்ற கள்ள நியாயம். சரியோ பிழையோ, அதில் ஒரு யோசனை இருக்கு. செசி நம்பரைத் தொட்டுப் பார்த்த கை எழுதின கதை என்று பார்க்கும்போதே விளங்கும்.

ஜெரி பிரக்ஹைமர் தயாரித்து டொமினிக் சேனா இயக்கிய 2000 ஆம் ஆண்டுப் படம் இதை என்ன செய்தது? கிட்டத்தட்ட 90 மில்லியன் டொலர் செலவழித்து, அந்தத் தொழிலை முழுசாகத் தூக்கி வெளியில் போட்டது. இப்ப கதாநாயகன் திருந்தி வாழும் ஒரு முன்னாள் கள்ளன். தம்பியின் உயிரைக் காப்பாற்ற ஒரே இரவில் 50 கார் திருடவேண்டும். கார்கள் கப்பலில் ஏறிப் போய்விடும். தகடு இல்லை, பத்திரம் இல்லை, காப்புறுதி இல்லை. காரை விற்பவன் யார், வாங்குபவன் யார், நட்டப்படுபவன் யார் என்ற கேள்வியே இல்லை. குடும்பப் பாசம் வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போகிறது. கள்ளனைப் பற்றி ஒரு கள்ளத்தொழில்காரனின் கண்ணால் எடுக்கப்பட்ட படம், கார்க் கண்காட்சியாக மாறிவிட்டது. மின்னும் பெயின்ற், மெதுவாக நகரும் கமரா, பின்னணியில் அதிரும் இசை. விளம்பரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கோ.

அடுத்தது பெயர். இரண்டு படங்களிலும் திருடவேண்டிய கார்களுக்குப் பெண் பெயர்கள்தான் சங்கேதம். வயர்லெஸில் பேசினால் பொலிசுக்கு விளங்கக்கூடாதாம். 1974 இல் அது ஒரு பட்டியல், வேலையை இலகுவாக்கும் குறியீடு. 2000 இல் அது காதலாகிறது. எலினோர் இவனுக்கு முந்தியும் அகப்படாதவள். இவன் அவளோடு கதைக்கிறான், கெஞ்சுகிறான், தடவிக்கொடுக்கிறான். சரி, இதே படத்தில் உண்மையான ஒரு பெண்ணும் இருக்கிறாளே. அஞ்சலினா ஜோலி நடிக்கும் ஸ்வே. பகலில் மெக்கானிக், இரவில் மதுச்சாலையில் வேலை. இரண்டு வேலை செய்து சீவிக்கும் ஒரு பெண் மெக்கானிக்! அவளைப் பற்றி மட்டும் ஒரு படம் எடுக்கலாம். ஆனால் அவள் மெக்கானிக் என்பது கதைக்கு எங்குமே தேவைப்படவில்லை. லம்போர்கினி டயாப்லோ ஒன்றைத் திருடக் காத்திருக்கும் நேரத்தில் கேஜுக்குப் பக்கத்து சீற்றில் இருந்து சரசம் பேசத்தான் அவள் தேவைப்படுகிறாள். இரும்புக்குப் பெண்பெயர் வைத்து ஆராதிக்கிறார்கள், பெண்ணை இரும்புக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் 'எலினோர்தான் கதாநாயகி' என்று நாங்கள் ரசித்து எழுதுகிறோம். அதைப் பகிடி என்று சொல்லித் தப்பமுடியாது.

'படத்தைப் படமாகப் பாருங்கள், கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்கள்' என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். திரைக்கு வெளியில் நடந்ததையும் சொல்கிறோம், கேளுங்கள்.

ஹாலிக்கி 1989 இல், இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தைச் சரிக்கும் காட்சிக்கான ஆயத்தத்தில் கேபிள் அறுந்து, அது வெட்டிய தந்திக்கம்பம் மேலே விழுந்து செத்துப்போனார். கலியாணம் கட்டி மூன்று மாதம். மனைவி டெனிஸ் ஹாலிக்கி பல வருசம் வழக்காடித்தான் படத்தின் உரிமையைத் தன் கையில் எடுத்தார். புதுப் படத்துக்கு அனுமதி கொடுத்தது அவர். படம் ஓடியதும் எல்லோருக்கும் எலினோர் வேண்டியிருந்தது. கரோல் ஷெல்பி டெக்சாசில் இருந்த யுனிக் பெர்ஃபோமன்ஸ் என்ற கம்பனியோடு சேர்ந்து 'ஜிடி500இ' என்று அந்தச் சாயலில் கார்களை விற்கத் தொடங்கினார். டெனிஸ் ஹாலிக்கி வழக்குப் போட்டார். 2007 இல் பொலிஸ் அந்த டெக்சாஸ் கம்பனிக்குள் புகுந்து, வாகன அடையாள இலக்கங்களில் கோளாறு என்று சொல்லிப் பல கார்களைத் தூக்கிக்கொண்டு போனது. கம்பனி வங்குரோத்தானது. 1974 படத்தின் கதையே இலக்கத் தகடு மாற்றுவதுதான் என்பதை இங்கே ஒருக்கா ஞாபகப்படுத்துகிறோம். இதை நாங்கள் கதையாக எழுதியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

2008 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் எலினோர் ஒரு கதாபாத்திரம் போலத் தெரிகிறது, கீழ் நீதிமன்றம் மீண்டும் ஆராயட்டும் என்றது. 2009 இல் இரு தரப்பும் சமரசமானார்கள். பிறகு அந்தச் சமரசத்தின் அர்த்தம் என்ன என்று திரும்பவும் சண்டை. இடையில் அடிபட்டது யார்? சொந்தக் கராஜில் பழைய மஸ்டாங்குக்கு ஃபைபர் மூக்கு பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டவர்கள். 2020 இல் ஒரு யூடியூப் சேனல்காரருக்கு, தான் கட்டிக்கொண்டிருந்த எலினோர்ச் சாயல் காரைக் கையளித்து வீடியோக்களையும் நீக்கவேண்டி வந்தது. காசு கொடுத்து வாங்கின பழைய கார், காசு கொடுத்து வாங்கின பாகங்கள், தன் கையால் செய்த வேலை. ஒரு படத்தில் வரும் உடுப்பின் சாயல் இருக்கு என்பதற்காகக் கார் போனது.

2025 மே 27 அன்று ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கடைசியாகச் சொல்லிவிட்டது: எலினோர் பதிப்புரிமைக்குரிய கதாபாத்திரம் அல்ல. 2015 இல் இதே நீதிமன்றம் பற்மானின் காரைக் கதாபாத்திரம் என்று ஏற்றது. அப்போது வைத்த மூன்று அளவுகோல்களும் இங்கே பொருந்தவில்லை. எலினோருக்கென்று குணம் இல்லை, சுயமாக ஒன்றும் செய்வதில்லை, யாரோ ஓட்ட ஓடுகிறது. ஒரு படத்தில் மஞ்சள், இன்னொன்றில் சாம்பல், கடைசிக் காட்சியில் தம்பி பரிசாகக் கொடுக்கும்போது துருப்பிடித்த கூடு. எப்படி வந்தாலும் இதுதான் அது என்று பிடிக்கத்தக்க தனித்த அடையாளம் இல்லை. பெயரைத் தவிர.

நாங்கள் அந்தத் தீர்ப்போடு நிற்கிறோம். ரசிகர்களான நாங்கள் இருபத்தைந்து வருசமாக விடாமல் சொல்லிவந்த பொய்யை அது பிடித்திருக்கு.

மாற்றுக் கருத்தும் எங்களுக்குள் உண்டு. எழுதும்போதே சண்டை வந்தது. ஒரு தனிப் பெண், செத்துப்போன புருசனின் படத்தை, பெயர்பெற்ற கார்க்காரர்களிடமிருந்தும் அவர்களின் சட்டத்தரணிகளிடமிருந்தும் இத்தனை வருசம் காத்திருக்கிறா, அவவை எப்படி வில்லியாக்குவது என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. 1974 படத்தின் டைட்டிலிலேயே எலினோருக்கு நட்சத்திர இடம் கொடுத்தது ஹாலிக்கிதான், அதுவும் உண்மை. அவவை நாங்கள் வில்லியாக்கவில்லை. 1974 படம் முழுவதும் அவவின் சொத்து, அதை யாரும் தொடக்கூடாது. ஆனால் சாம்பல் நிற எலினோரை வரைந்தது ஹாலிக்கி அல்ல, ஷெல்பியும் அல்ல. அதன் மூக்கையும் இடுப்பையும் செய்தவர்கள் படக் கம்பனியிடம் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 2013 இல் அந்தக் கார்களில் ஒன்று மேக்கம் ஏலத்தில் ஒரு மில்லியன் டொலருக்குப் போனது. விற்றவர் பெற்றார். ஏலக்காரர் பெற்றார். இரண்டு தரப்பும் தங்களுடையது என்று நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டிருந்த பொருளை, வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு உண்மையில் உருவாக்கினவர்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. 'கதாபாத்திரம்' என்ற சொல் இதைத்தான் மறைக்கிறது. கதாபாத்திரம் என்றால் அது யாரோ ஒருவரின் கற்பனை, அந்த ஒருவருக்கு உரிமை. கார் என்றால் அது வேலை. டிங்கர் வேலை, பெயின்ற் வேலை, வயரிங் வேலை, இரவிரவாகச் செய்த வேலை.

ஆகவே எங்கள் தளத்துக்குப் படம் பற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு சின்னக் கோரிக்கை. அடுத்த தடவை 'எலினோரின் நடிப்பு' என்று எழுத விரல் துடித்தால், அந்த வரியை அழித்துவிட்டு சிப் ஃபூஸ் என்றோ ஸ்டீவ் ஸ்டான்ஃபோர்ட் என்றோ எழுதுங்கள். ஃபாஸ்ட் அன்ட் ஃபியூரியஸ் வரிசைக்கும் இதுவே பொருந்தும். அதன் ஐந்தாம் பாகத்தில் பெட்டகத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடும் இரண்டு டொட்ஜ் சார்ஜர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தப் படங்களுக்குக் கார் கட்டிக்கொடுக்கும் டெனிஸ் மக்கார்த்தியின் பெயரை ஒரு இடத்தில்கூடப் போடவில்லை.

1974 படத்தைத் தேடிப் பார்க்கப்போகிறவர்களுக்கு இன்னொன்று. 2000 இல் திரும்ப வெளியிட்டபோது அதன் பழைய இசையை எடுத்துவிட்டு வேறு இசை போட்டார்கள். இப்ப இலகுவாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பிரதிதான். பழைய வீடியோ கசற்றிலிருந்து எடுத்த பிரதி யாரிடமாவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.