காருக்குள் கச்சேரி

எங்கள் வீட்டுக் காருக்குப் பத்து வயதாகிறது. அதற்கு இப்போதுதான் காது குத்திக் கல்யாணம் செய்தாற்போல் ஒரு வைபவம் நடந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். "கார் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பின் ஸீட்டில் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள் நாம்தானே?

கும்பகோணத்தில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். சென்னையிலிருந்து காரிலேயே போவதென்று தீர்மானமாயிற்று. உடனே என் பிள்ளை ஆரம்பித்தான்.

"அம்மா, அவ்வளவு தூரம் சும்மா உட்கார்ந்து போக முடியுமா? காருக்கு ஓர் ஆம்ப்ளிபயர் வைத்துவிடுகிறேன்."

"இருக்கிற சத்தம் போதாதா?"

"இது சத்தத்துக்கு இல்லை, அம்மா. சுத்தத்துக்கு!"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காரோடு கூடவே வருகிற ரேடியோவுக்குச் சக்தி குறைவு. சற்றே கூட்டி வைத்தால் தவில் ஓசை தகர டப்பாவைத் தட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. ஆம்ப்ளிபயர் என்பது அந்த மெலிந்த ஓசைக்குத் தெம்பு கொடுக்கும் பெட்டி. தெம்பு கையில் இருந்தால் மெதுவாக வைத்தாலும் தவில் தவிலாகவே கேட்கும்.

என் மாமியாருக்கு ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் உயிர். "தாராளமாக வைக்கட்டும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். பிறகு எனக்கு ஏது வாய்?

காரில் சங்கீதம் கேட்கும் ஆசை ஒன்றும் புதிதல்ல. 1930-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோ விற்பனைக்கு வந்துவிட்டது. 1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் கம்பெனி இசைத்தட்டுப் பெட்டியையே பொருத்திப் பார்த்ததாம்! ஓடுகிற காரில் தட்டு சுழன்று, அதன்மேல் முள் குதிக்காமல் நிற்க வேண்டுமே! அந்த வித்தை சில வருஷங்களுக்குமேல் நிலைக்கவில்லை. ஆசை மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கடையிலிருந்து ஆள் வந்தான். இரண்டே மணி நேரம். டிக்கியில் பெட்டியை வைத்தான். பானெட்டுக்குள் இருக்கும் பாட்டரியிலிருந்து ஒரு சிவப்பு வயரை இழுத்து அதில் முடிந்தான். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். என் பிள்ளை தோடியைப் போட்டான். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். எனக்கும் பரம திருப்தி.

அந்தச் சமயத்தில் மாடி வீட்டு மாமா இறங்கி வந்தார். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோடியை ரசிக்க வந்தார் என்று நினைத்தேன். அவரோ பானெட்டைத் திறக்கச் சொன்னார். பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"தம்பி, இந்தச் சிவப்பு வயருக்கு ப்யூஸ் எங்கே?"

"ஆம்ப்ளிபயரிலேயே இரண்டு இருக்கிறதே, மாமா!"

"அது கொல்லைப்புறத்தில் படுத்திருக்கும் காவல்காரன். ஆம்ப்ளிபயரைப் பார்த்துக்கொள்வான். வாசலிலிருந்து கொல்லைவரை ஐந்து மீட்டர் வயர் ஓடுகிறதே, அதற்கு யார் காவல்?"

நான் குறுக்கிட்டேன். "வெறும் 12 வோல்ட்தானே, மாமா? தொட்டால் ஷாக்கூட அடிக்காதாமே?"

"ஷாக் அடிக்காது, அம்மா. நெருப்புப் பிடிக்கும்" என்றார் அவர்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி கணக்குப் போட்டுக் காட்டினார். நம் வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆகவே அது இழுப்பது நாலு ஆம்பியருக்குச் சற்று மேல்தான். இந்த ஆம்ப்ளிபயர் 400 வாட் கொடுக்கிறது. அதற்காக 500 வாட்டாவது உள்ளே இழுக்கும். மீதி சூடாகப் போய்விடும். காரில் இருப்பதோ 12 வோல்ட். 500-ஐ 12-ஆல் வகுத்தால் நாற்பது ஆம்பியருக்கு மேல் ஆகிறது! அதாவது, இஸ்திரிப் பெட்டிக்குப் போவதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு!

"இது ஒழுங்காக ஓடும்போது உள்ள கணக்கு. காரின் உடம்பு முழுவதும் இரும்பு. பாட்டரியின் மைனஸ் பக்கத்தை அதோடுதான் சேர்த்திருக்கிறார்கள். வயரின் தோல் எங்காவது உரிந்து இரும்பில் பட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கக்கும். வயர் பழுக்கக் காயும். மேலே கார்ப்பெட், அதற்கு மேலே ஸீட்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஸீட்டில் என் நாலு வயதுப் பேத்தி தாவிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கே பாருங்கள்" என்று எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தகட்டைக் காட்டினார். அதில் துளை போட்டு வயரை நுழைத்திருந்தான். துளையின் ஓரம் கத்தி மாதிரி இருந்தது. ரப்பர் வளையம் இல்லை. வயரின் தோலில் அதற்குள்ளேயே ஒரு கீறல்!

கடைசியில் மிஞ்சியிருந்த வயர்த் துண்டை எடுத்துப் பேனாக் கத்தியால் சுரண்டினார். மேலே செம்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். கவரிங் நகை கேள்விப்பட்டிருக்கிறோம். கவரிங் வயரும் உண்டென்று அன்றுதான் தெரிந்தது! அதே பருமனுள்ள அசல் செம்பு வயர் தாங்குகிற மின்சாரத்தை இது தாங்காது. வயர் நம்பரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. புடைவை நூலில் நாற்பதாம் நம்பரைவிட நூறாம் நம்பர் மெல்லியது அல்லவா? அதுபோலவே இதிலும் நம்பர் குறையக் குறைய வயர் தடிமனாகும். எங்களுக்கு நாலாம் நம்பர் வேண்டும் என்றார் மாமா.

அடுத்த ஞாயிறு மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார, என் பிள்ளையே எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகச் செய்தான். முதல் வேலை, கையிலிருந்த மோதிரத்தையும் காப்பையும் கழற்றச் சொன்னார். பாட்டரிக்கும் இரும்புக்கும் நடுவே உலோகம் பட்டால் ஒரு நொடியில் சிவந்து விரலைச் சுட்டுவிடுமாம். வளைக்கரங்கள் இதை மறக்கக் கூடாது! பிறகு பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினான். அசல் செம்பு வயர் வந்தது. துளைக்கு ரப்பர் வளையம் வந்தது. எர்த் வயரைப் பெயிண்டின் மேலேயே திருகியிருந்தார்கள். பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்கினான். பாட்டு வரும் மெல்லிய வயர்கள் காரின் ஒரு பக்கமும், இந்தச் சிவப்பு வயர் மறு பக்கமுமாகப் போயின. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எஞ்சின் வேகத்துக்குத் தகுந்தபடி 'கூ' என்று ஓர் இரைச்சல் பாட்டோடு கலக்குமாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 60 ஆம்பியர் ப்யூஸ் ஒன்று உட்கார்ந்தது. ஒரு முழம் என்பது மாமாவின் கணக்கு. ப்யூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாதல்லவா? அந்தத் தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

"ப்யூஸ் போனால் முதலில் காரணத்தைக் கேள். பிறகு மாற்று" என்று சொல்லிவிட்டு மாமா மாடிக்குப் போனார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கிளம்பினோம். மகள் முன்னதாகவே போய்விட்டதால் பேத்தி எங்களோடு வந்தாள். திண்டிவனத்தில் காபி சாப்பிட்டோம். திரும்பி வந்து உட்கார்ந்ததும், முழங்கால் வலிக்கிறதென்று அவர் முன் ஸீட்டைப் பின்னால் நன்றாகத் தள்ளிக்கொண்டார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. தோடி நடுவில் டக்கென்று நின்றுவிட்டது. கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்திப் பார்த்தால் ப்யூஸ் உருகிப் போயிருந்தது.

"ஒரு வயர்த் துண்டை வைத்து முறுக்கிவிட்டால் போச்சு!" என்றான் பிள்ளை.

"எதற்கு? இன்னொரு ப்யூஸ்தான் இருக்கிறதே, அதைப் போடேன்" என்றார் அவர்.

நான் பானெட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "இரண்டும் வேண்டாம். காரணம் தெரியாமல் தொடக் கூடாது" என்றேன். எனக்கு மின்சார சாஸ்திரம் தெரியாது. பால் பொங்கினால் அடுப்பை அணைக்க வேண்டுமே தவிர, மூடியை இறுக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

"வண்டியில் இத்தனை பெரியவர்கள் இருந்தும் பாட்டு இல்லாமல் போகக் கூடாதா?" என்று மாமியார் எனக்குப் பரிந்து பேசினார். அதோடு நிற்கவில்லை, தம் கல்யாணத்தில் நாலு நாளும் நடந்த நாயன வைபவத்தை ஊர் போய்ச் சேரும்வரை வர்ணித்துக்கொண்டே வந்தார். பேத்தி கேட்டுக்கொண்டே, கீழே விரித்திருந்த கார்ப்பெட்டில் கால் தொங்கத் தூங்கிவிட்டாள்.

கும்பகோணத்தில் ஓர் எலக்ட்ரீஷியன் முன் ஸீட்டைக் கழற்றினார். ஸீட் நகருகிற தண்டவாளத்துக்கு அடியில் சிவப்பு வயர் அகப்பட்டு, தோல் நசுங்கிச் செம்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. சரியாகப் பேத்தியின் கால் இருந்த இடத்துக்கு ஒரு ஜாண் முன்னால்.

என் பிள்ளை வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு மெல்லிய குரலில், "கதவோரமாக வயரை விடச் சொல்லி மாமா சொன்னார், அம்மா. அந்த ஓர் இடத்தில் மட்டும் குறுக்கு வழியில் விட்டுவிட்டேன்" என்றான். நான் திட்டவில்லை. திட்ட வேண்டியதை அந்த வயரே திட்டிவிட்டது.

முதல் ஞாயிறு கடை ஆள் வைத்துவிட்டுப் போனபடியே கிளம்பியிருந்தால்? அந்த நினைப்பு இன்னும் இரவில் வருகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் காருக்குள் கச்சேரி வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லாதீர்கள். சாவியை வாங்குவதற்கு முன்னால் நாலு கேள்வி மட்டும் கேளுங்கள். பாட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ப்யூஸ் இருக்கிறதா? வயர் அசல் செம்பா? துளையில் ரப்பர் வளையம் உண்டா? ஸீட்டுக்கு அடியில் எங்கேயாவது நசுங்குமா? "உங்களுக்கு ஏன் அம்மா இதெல்லாம்?" என்று மெக்கானிக் சிரித்தால் சிரிக்கட்டும். கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம்!

வயரைக் கதவோரமாக மாற்றிப் புது ப்யூஸ் போட்டுக்கொண்டு திரும்பி வந்தோம். வழியெல்லாம் தோடிதான். உருகிப்போன அந்தப் பழைய ப்யூஸை என் பிள்ளை தூக்கி எறிந்துவிடவில்லை. டாஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறான்.