பென்சிலுக்கு முன்னால் மண்

நெருளில் எங்கள் காம்பவுண்டில் தீபாவளி விடுமுறை பட்டாசோடு ஆரம்பிப்பதில்லை. மண்ணோடு ஆரம்பிக்கிறது. மராத்திப் பிள்ளைகள் செங்கல், பழைய கோணி, கூடை கூடையாய் மண் என்று சேர்த்து சிவாஜியின் கோட்டை ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். 'கில்லா' என்று பெயர். ராய்கட், பிரதாப்கட் - யாருக்கு எது பிடிக்குமோ அது.

போன வருடம் அந்த மண்மேட்டருகே ஏக்கத்தோடு நின்றுகொண்டிருந்தான் எதிர்வீட்டு மூன்றரை வயதுப் பையன். மண்ணைத் தொடக்கூடாது என்று அம்மாவின் உத்தரவு. "ஹோம்வொர்க் பாக்கி இருக்குக்கா" என்றாள் அவள். திருநெல்வேலிப் பெண். நர்சரி டயரியைக் காட்டினாள்: எழுதுவதில் பலவீனம், வீட்டில் பயிற்சி கொடுக்கவும். நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக ஏ, பி, சி. பையன் பென்சிலைப் பிடித்த விதம் உலக்கையைப் பிடிப்பது போல இருந்தது. இரண்டாவது வரியில் கை வலிக்கிறது என்று அழுகை.

பலவீனமுமில்லை, ஒன்றுமில்லை. மணிக்கட்டில் எட்டு சிறு எலும்புகள். பிறக்கும்போது எல்லாமே வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகத்தான் எலும்பாக மாறத் தொடங்கும். இவன் வயதில் மூன்று, நான்கு ஆகியிருக்கும். கடைசி எலும்பின் முறை வர ஒன்பது, பத்து வயதுகூட ஆகலாம். கட்டுப்பாடும் தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி, விரல் நுனிக்குக் கடைசியில்தான் வந்து சேர்கிறது. மூன்று விரலால் பென்சிலைப் பிடிக்கும் பக்குவம் பல குழந்தைகளுக்கு நாலு, ஐந்து வயதில்தான் படியும்.

"அப்போ சும்மா விட்டுடச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சும்மா விடக்கூடாது. விரலுக்கு வேலை வேண்டும். ஆனால் பென்சில் அந்த வேலைகளில் கடைசி.

முதல் வேலை கீழே காத்துக்கொண்டிருந்தது. ஈர மண்ணைப் பிசைய உள்ளங்கைக்கு பலம் வேண்டும். தட்டிச் சமன்செய்யத் தோள் வேண்டும். கோட்டை முடிந்ததும் பசுமைக்காகக் கடுகு தூவுவார்கள். ஒவ்வொரு கடுகாகக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்து மண்ணில் வைக்கச் சொன்னால், நாளை பென்சிலைப் பிடிக்கப்போகிற அதே விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. (மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்கிற வயது. பக்கத்திலேயே இருங்கள்.) நம் கொலுப் படிக்குக் கீழே பார்க் வைக்கத் தட்டில் கடுகும் கேழ்வரகும் முளைக்கப்போடுவது இதே வேலைதான். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் கொலு வைக்கிற வீடுகளில் பாட்டிகள் இதைப் பேரன் பேத்திகளிடம் விட்டதுண்டு. இப்போது பார்க்கையே பிளாஸ்டிக்கில் வாங்கிவிடுகிறோம்.

அப்புறம் கண்டீல், வாசலில் தொங்கும் காகித விளக்கு. கத்தரிக்கோலை உடனே கொடுக்காதீர்கள். காற்றாடிக் காகிதத்தைக் கையால் கிழிக்கட்டும். கிழிக்கும்போது இரண்டு கைகளும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். கேட்க எளிது, மூன்று வயதுக்கு அது பெரிய வித்தை. மைதாப் பசையில் விரலை முக்கி ஒட்டட்டும். நுனி மழுங்கிய கத்தரியால் ஓரத்தில் 'சிக்' 'சிக்' என்று வெட்டிப் பழகலாம். கோட்டின் மேல் வெட்டுவது நாலு வயதுக் கதை.

தாராவி கும்பார்வாடாவில் வர்ணம் பூசாத அகல் வாங்கி வந்தால் விரலால் பூசலாம். தோரணத்துப் பூவை - இங்கே ஜெண்டு, அவள் ஊரில் கேந்தி - நடுவில் நீங்கள் ஓட்டை போட்டுக் கொடுங்கள். ஷூ லேஸில் அவன் கோர்க்கட்டும். இடது கையால் செய்தால் செய்யட்டும், மாற்றாதீர்கள்.

இதெல்லாம் புதிதல்ல. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மாண்டிசோரி, எழுதுவதற்கு முன் கையைத் தயார்செய்யவே தனி சாதனங்கள் வைத்திருந்தார். அவை விலை உயர்ந்தவை. 1945இல் இதே மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பால்வாடி தொடங்கிய தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும், சுற்றுவட்டாரத்தில் கிடைத்ததையே சாதனமாக்கிக்கொண்டார்கள்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது வேறு. முக்கால்வாசி வீடுகளில் கண்டீலை ஒட்டுவது அப்பா. 'அசிங்கமா இருக்கு, நான் பண்றேன்' என்று வாங்கிக்கொள்வார். விளக்கு அழகாகிவிடும். விரல்?

(ஐந்து வயது தாண்டியும் பட்டன் போட, ஸ்பூன் பிடிக்க மிகவும் திணறினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது கைவேலையால் தீர்கிற விஷயமல்ல.)

எதிர்வீட்டுக் கண்டீல் ஒரு பக்கம் சாய்ந்து, பசை வழிந்து, தை மாதம் வரை தொங்கியது. பையன் இன்னும் 'பி'யைத் திருப்பித்தான் போடுகிறான். ஆனால் இந்த வருடம் கில்லாவுக்குக் கடுகு கேட்டு என் கதவைத் தட்டியது அவன் அம்மா.