ரப்பர் இல்லாத பென்சில்

ஸ்வீடன் என்றால் நமக்கு நோபல் பரிசு தெரியும், போஃபர்ஸ் பீரங்கி தெரியும். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களுக்கு 'ஆபா' பாட்டுக் கோஷ்டியும் தெரியும். இந்த ஜாபிதாவில் நாலாவதாக ஒரு சின்னப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ள சிபாரிசு செய்கிறேன். பெயர் ஓபி-1. ஸ்டாக்ஹோமில் இருக்கும் 'டீனேஜ் இன்ஜினியரிங்' கம்பெனி 2011-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயரை வைத்து ஏதோ காலேஜ் பையன்கள் லீவு நாளில் செய்த காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். படா கில்லாடிகள்.

நீளம் 28 சென்டிமீட்டர், அகலம் 10, உயரம் ஒன்றரைக்கும் குறைச்சல். எடை 580 கிராம். எவர்சில்வர் டப்பாவில் தயிர் சாதமும் மாவடுவும் வைத்து மூடினால் அதைவிட அதிகம் இருக்கும். ஒரு தடவை சார்ஜ் பண்ணினால் 16 மணி நேரம் ஓடும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் போய்ச் சேர்ந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்தும் வாசிக்கலாம்.

உள்ளே என்னென்ன? முதலில் ஸிந்தஸைஸர். அதாவது, சத்தத்தை மின்சாரத்தில் சமைக்கிற அடுப்பு. அடுத்தது ஸாம்ப்ளர். வெளியே கேட்கிற ஏதாவது ஒரு சத்தத்தைப் பிடித்து வந்து கட்டைகளில் பரப்பிவிடும். ஆட்டோ ஹாரனைப் பிடித்துப் போட்டீர்களானால் ஸரிகமபதநி எல்லாம் ஹாரனிலேயே வாசிக்கலாம். அப்புறம் ட்ரம்ஸ், மைக், ஸ்பீக்கர், எஃப்.எம். ரேடியோ. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நாலு ட்ராக் டேப் ரெக்கார்டர். நிஜ டேப் கிடையாது. ஸ்க்ரீனில் இரண்டு சக்கரங்கள் சுற்றுகிற மாதிரி படம் ஓடும். ஒரு எஃபெக்டைத் தேர்ந்தெடுத்தால் ஸ்க்ரீனில் பசு மாடு வந்து நிற்கிறது. இன்னொன்றுக்கு குத்துச்சண்டைக்காரர். ஸ்வீடன்காரர்களின் ஹாஸ்யம் என்று விட்டுவிடலாம்.

இத்தனையும் ஒரே பெட்டிக்குள் அடங்கியதன் அருமை, பழைய கதை தெரிந்தால்தான் புரியும்.

1979-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்று இரண்டு பேர் 'ஃபேர்லைட்' என்ற கம்ப்யூட்டர் வாத்தியத்தைக் கொண்டுவந்தார்கள். வெளிச்சத்தத்தைப் பதிந்து கீபோர்டில் வாசிக்கிற வித்தையைக் கடைக்குக் கொண்டுவந்த முன்னோடி அதுதான். டீவி மாதிரி ஒரு ஸ்க்ரீன், அதில் கோலம் போட ஒரு லைட் பேனா, பக்கத்தில் பீரோவின் தம்பி மாதிரி ஒரு பெட்டி. இங்கிலாந்தில் அன்றைக்கு அதன் விலைக்கு ஒரு சுமாரான வீட்டையே முடித்திருக்கலாம். பீட்டர் கேப்ரியல், கேட் புஷ் போன்ற பெரிய கைகள்தான் தொட முடிந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அது பிடித்துவைத்த சத்தத்தின் நீளம் சுமார் 1 விநாடி. ஒரு தும்மல்.

அதற்கு நேர் எதிர்க்கோடியில், 1980-களின் ஆரம்பத்தில், ஜப்பானின் கேஸியோ ஒரு தமாஷ் பண்ணியது. கால்குலேட்டரையும் கீபோர்டையும் கல்யாணம் செய்துவைத்து விஎல்-1 என்று விற்றது. 29 குட்டிக் கட்டைகள், 100 ஸ்வரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். எட்டு இலக்க நம்பர் ஒன்றைத் தட்டினால் அதுவே ஒரு புது நாதம். மாசக் கடைசியில் மளிகைக் கணக்குப் போட்டு, துண்டு விழுந்தால் அதையே முகாரியாக வாசித்துக்கொள்ளலாம். விளையாட்டுச் சாமான் என்று எல்லோரும் சிரித்தார்கள். 1982-ல் ஜெர்மனியின் 'ட்ரியோ' கோஷ்டி இதன் டொக்கு டொக்கு தாளத்தை வைத்தே 'டா டா டா' என்று ஒரு பாட்டுப் போட்டு ஐரோப்பாவையே ஆட்டிவைத்தார்கள். ஓபி-1-ஐப் பார்த்தால் கேஸியோ தாத்தாவின் முக ஜாடை அப்படியே தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்ன இல்லை என்பதுதான் எனக்கு சுவாரஸ்யம்.

டேப்பின் நீளம் 6 நிமிஷம். ட்ராக் 4. கட்டைகள் 24, அதாவது இரண்டே ஆக்டேவ். ஸாம்ப்ளர் 6 விநாடி பிடிக்கும், ட்ரம்ஸுக்கு மட்டும் 12. ஒரு சமயத்தில் பெட்டியில் ஒரே ஒரு டேப்தான். புதுசாக ஆரம்பிக்க வேண்டுமானால் பழசை கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், 2011-ல் வந்தபோது இதில் 'அன்டூ' கிடையாது. ஏற்கெனவே பதிந்த ட்ராக்கின் மேல் இன்னொன்றைப் பதிந்தால் இரண்டும் கலந்துவிடும். மோர்க்குழம்பில் விழுந்த உப்பு மாதிரி. திரும்ப எடுக்க முடியாது.

கம்ப்யூட்டர் உபயோகிக்கும் ஆஃபீஸ் ஜனங்களுக்கு இதன் பயங்கரம் உடனே உறைக்கும். கன்ட்ரோல்-இஸட் இல்லாத வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். அந்தக் கால டைப்பிஸ்டுகளுக்குத் தெரியும். ஒரிஜினலுக்குக் கீழே நாலு கார்பன் காப்பி வைத்து அடிக்கும்போது விரல் ஒரு தினுசாகப் பயந்து, ஒரு தினுசாக நிதானமாகப் போகும். அந்த நிதானத்தைத்தான் ஸ்வீடன்காரர்கள் மெனக்கெட்டு பெட்டிக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள்.

என் அக்கா பையன் ஸ்டாக்ஹோமில் சாஃப்ட்வேர் வேலை. லீவில் வந்தபோது செகண்ட்ஹாண்டில் வாங்கிய ஓபி-1-ஐக் கொண்டுவந்திருந்தான். லேப்டாப்பில் சங்கீதம் பண்ணுகிறேன் என்று ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பையன்.

"எத்தனை பாட்டுடா முடிச்சே?" என்றேன்.

"லேப்டாப்ல 63 ஃபைல் இருக்கு மாமா. முடிச்சது ஒண்ணும் இல்ல. இதுல மூணு வாரத்துல ஏழு."

"அதெப்படி?"

"லேப்டாப்ல எவ்ளோ ட்ராக் வேணா போடலாம், எப்ப வேணா மாத்தலாம். அதனால மாத்திக்கிட்டே இருப்பேன். இதுல நாலு ட்ராக் ரொம்பிடுச்சுன்னா முடிஞ்சு போச்சு. எழுந்து காபி குடிக்கப் போக வேண்டியதுதான்."

அவனுக்கு பாட்டியை, அதாவது என் அம்மாவை, பாடவைத்துப் பதிய வேண்டும் என்று ஆசை. அம்மாவுக்கு 84 வயசு. எங்களையெல்லாம் தூங்கவைத்த தாலாட்டு ஒன்று உண்டு. மூச்சு வாங்குவதால் பாடுவதை விட்டு ரொம்ப நாளாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை என்ன தோன்றியதோ, "சரி வாடா" என்று ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டாள். நாலு ட்ராக்கும் அவன் ஏற்கெனவே வாசித்து நிரப்பியிருந்தான். நாலாவதில் மெலிசாக ஒரு சுருதி மட்டும் இருந்தது. அதன் மேலேயே பதிவு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். மூன்றாவது வரியில் சமையலறையிலிருந்து குக்கர் ஒரு விசில் அடித்தது, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பாட்டி, ப்ளீஸ், இன்னொரு தடவை."

"போடா. ஒரு தடவைதான் வரும்" என்று அம்மா எழுந்து போய்விட்டாள்.

குக்கரை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. ட்ராக்கை அழித்தால் பாட்டியும் போய்விடுவாள். அரை மணி பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டாவது விசிலை ஸாம்ப்ளரில் பிடித்து, கீழ் ஸ்தாயியில் இறக்கி, பாட்டின் கடைசியில் தூரத்து ரயில் மாதிரி வாசித்து முடித்தான். முதல் விசில் இப்போது அந்த ரயிலுக்கு முன்னறிவிப்பு போல இருக்கிறது. கேட்கிறவர்கள், "அந்த விசில் ஐடியா பிரமாதம்" என்கிறார்கள். நான் எதுவும் சொல்வதில்லை.

இதெல்லாம் புதுசு ஒன்றும் இல்லை. பீட்டில்ஸ் 1967-ல் போட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' லண்டன் ஏபி ரோடில் நாலு ட்ராக் மெஷினில் பதிவானதுதான். நாலும் நிறைந்தால் அதை ஒன்றாகக் கலந்து இன்னொரு மெஷினுக்கு மாற்றி, மீதி மூன்றில் தொடர்வார்கள். கலந்தது கலந்ததுதான். ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்ஸி வீட்டில் உட்கார்ந்து ஒரு நாலு ட்ராக் கேஸட் ரெக்கார்டரில் சில பாட்டுகளைப் பதிந்தார். கேஸட்டை டப்பாகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலைந்தார். பிற்பாடு பெரிய ஸ்டூடியோவில் கோஷ்டியோடு அதையே வாசித்துப் பார்த்தால் உயிர் இல்லை. கடைசியில் அந்தக் கேஸட்டே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக அதே வருஷம் வெளிவந்தது. அமெரிக்காவின் 'பான் ஐவர்' கோஷ்டித் தலைவர் ஜஸ்டின் வெர்னன், கிரீஸ் தீவுகளுக்குத் தனியாகப் போனபோது ஓபி-1-இல் முணுமுணுத்த துண்டுதான் 2016-ல் வந்த அவர்கள் ஆல்பத்தின் ஆரம்பம்.

இனி கசப்பு மாத்திரை. 2011-ல் இதன் விலை எண்ணூற்றுச் சொச்சம் டாலர். அன்றைய மதிப்பில் 40,000 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. 2018-ல் உதிரி பாகம் கிடைக்காமல் தயாரிப்பு நின்றது, செகண்ட்ஹாண்ட் விலை விண்ணுக்குப் போனது. 2019-ல் திரும்பி வந்தபோது 1,299 டாலர். 2022-ல் வந்த அடுத்த அவதாரம் 'ஓபி-1 ஃபீல்ட்' 1,999 டாலர். ஒன்றரை லட்சத்துக்கு மேல். "இந்தக் காசுக்கு ஒரு புல்லட் வாங்கியிருக்கலாமே" என்று அக்கா கேட்டதில் நியாயம் இருக்கிறது. இல்லாமைக்கு இவ்வளவு விலையா? இதைவிட நூறு மடங்கு வசதி செல்ஃபோனில் இலவசமாகவே வருகிறதே!

அதையும் பையனிடம் கேட்டேன். "போன்லயே நாலு ட்ராக், ஆறு நிமிஷம்னு நீயா ஒரு சட்டம் போட்டுக்கோயேன்."

"ஃப்ரிட்ஜ் நிறைய மைசூர்பாகு வச்சுக்கிட்டு ஏகாதசி விரதம் இருக்கச் சொல்றீங்க மாமா."

அவன் சொல்வது சரிதான். ஆனால் நம் பாட்டிமார்கள் அப்படித்தான் விரதம் இருந்தார்கள், மைசூர்பாகைக் கிளறிக்கொண்டே. ஆகவே ஒன்றரை லட்சம் கைவசம் இல்லாத, மனசுக்குள் ஒரு மெட்டு மட்டும் உள்ள இளைஞர்களுக்கு என் யோசனை: இந்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுங்கள். நாலே ட்ராக். ஆறே நிமிஷம். பதிந்ததைத் தொடக்கூடாது. சாயங்காலத்துக்குள் முடித்து யாராவது ஒருவருக்குப் போட்டுக் காட்டிவிட வேண்டும். சுமாராகத்தான் வரும், பரவாயில்லை.

குக்கர் விசில் அடித்தால் மட்டும் நிறுத்தாதீர்கள்.