ஆடியும் ஆறும்

தமிழாண்டின் நான்காம் திங்கள் ஆடி. ஜூலைத் திங்களின் நடுவில் பிறந்து ஆகஸ்டுத் திங்களின் நடுவில் முடிவது அது. அதனைப் பற்றி மக்களிடையே முரண்பட்ட இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. ஆடி ஆகாத மாதம் என்று கூறித் திருமணத்தையும் புதுமனை புகுதலையும் தள்ளி வைப்போர் பலர். அவர்களே அம்மாதத்தில் அம்மன் கோயில்தோறும் கூழ் வார்க்கின்றனர். ஆற்றங்கரையில் விழா எடுக்கின்றனர். ஆகாத மாதத்திற்கு இத்துணை விழாக்கள் ஏன்? இவ்வினா எண்ணிப் பார்த்தற்குரியது.

தட்சிணாயனம் ஆடியில் தொடங்குவதால் அம்மாதம் மங்கலச் செயல்களுக்கு ஆகாது என்பர் சிலர். தட்சிணாயனமோ ஆடி முதல் மார்கழி வரை ஆறு திங்கள் நீள்கிறது. ஆவணியும் ஐப்பசியும் கார்த்திகையும் அந்த ஆறனுள் அடங்கியவையே. அம்மூன்று திங்களிலும் ஊர்தோறும் மணப்பந்தல்கள் எழுகின்றன. ஆதலின், கதிரவனின் போக்கை மட்டும் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. காரணத்தை வானத்தில் தேடுவதினும் வயலில் தேடுதலே தக்கது.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது உழவர் பழமொழி. ஆடியில் தமிழ்நாட்டுச் சமவெளியில் பெருமழை இல்லை. ஆயினும், தென்மேற்குப் பருவக்காற்று குடகு மலையில் மழையைக் கொட்டும். அந்நீர் காவிரியாய்ப் பெருகிவரும். உழவர் ஏரும் வித்தும் கையுமாய் நிற்கும் காலம் அது. கையிருப்பெல்லாம் நிலத்தில் இறங்கிவிடும். அவ்வேளையில் திருமணம் வைத்தால், விதை நெல் விருந்திற்குப் போகும். வீட்டிற்குக் கடன் வந்து சேரும். புதுமணப் பெண்ணை ஆடியில் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லும் வழக்கத்திற்கும் முதியோர் ஒரு காரணம் கூறுவர். ஆடியில் கருவுற்றால் சித்திரையின் கடுங்கோடையில் பிள்ளைப்பேறு நேரும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே, ஆடியை முன்னோர் வெறுத்து ஒதுக்கினர் என்பதைவிட, உழைப்பிற்கென்றே ஒதுக்கினர் என்று கொள்வதே பொருத்தம்.

இக்கருத்திற்கு ஆடிச் சடங்குகளே சான்றாகும். சேலம், நாமக்கல், ஈரோடு முதலிய பகுதிகளில் ஆடி முதல் நாளன்று தேங்காய் சுடுவர். தேங்காயின் கண்ணைத் துளைத்து, வெல்லமும் பாசிப்பருப்பும் எள்ளும் அவலும் இட்டு, அழிஞ்சில் குச்சியில் செருகித் தீயில் வாட்டுவர். பாரதப் போர் ஆடி முதல் நாளில் தொடங்கிப் பதினெட்டாம் நாளில் முடிந்தது என்பது அவ்வழக்கத்தோடு சேர்ந்த நாட்டுப்புறக் கதை. மாரியம்மன் கோயில்களில் வார்க்கும் கேழ்வரகுக் கூழ், அறுவடைக்கு நெடுநாள் இருக்கும் காலத்தில் ஏழை எளியவர் பசியை ஆற்றுகிறது. முளைப்பாரியோ பெண்கள் சிறு கலங்களில் தானியங்களை விதைத்து வளர்ப்பது. விதைக்கும் பருவத்தில் வித்தின் தன்மையை அறிய இதனினும் எளிய வழி யாது?

இவற்றிற்கெல்லாம் முடியாக விளங்குவது பதினெட்டாம் பெருக்கு. பவானிக் கூடுதுறை, திருவரங்கத்து அம்மா மண்டபம், திருவையாறு, பூம்புகார் எனக் காவிரிக் கரை நெடுகிலும் மக்கள் திரள்வர். பெண்கள் காதோலையும் கருகமணியும் மஞ்சளும் காப்பரிசியும் படைத்து ஆற்றை வணங்குவர். புதுமணமக்கள் தம் மணமாலைகளை நீரில் விடுவர். சிறுவர் சிறு சப்பரங்களை இழுத்துக் களிப்பர். கட்டுச்சோறு கரையெங்கும் மணக்கும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' புதினம் வீராணத்து ஏரிக்கரையில் இந்நாளிலேயே தொடங்குகிறது.

ஆனால், விழாவின் நாள் மாறுவதில்லை. நீரின் வரவு மாறிவிடுகிறது. 1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், கீழ்க் காவிரியின் பெருக்கு அணைத் திறப்பைப் பொறுத்ததாயிற்று. ஜூன் 12 ஆம் நாள் அணையைத் திறப்பது மரபு. 2017 இல் அக்டோபர்த் திங்களில்தான் பாசனத்திற்கு நீர் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஆடிப் பெருக்கு பெருக்கின்றியே கழிந்தது. 2024 இலும் ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. ஆயினும் மேல்நாட்டில் பெய்த பெருமழையால் ஜூலை முடிவதற்குள் அணை தன் முழு அளவாகிய 120 அடியை எட்டியது. மழையின் போக்கு மனிதர் கையில் இல்லை. வந்த நீரைத் தூய்மையாகக் காப்பது அவர்கள் கையில் உள்ளது.

அக்கடமை இன்று செவ்வனே நடைபெறவில்லை. காவிரியின் கிளையாறான நொய்யல் சாயக்கழிவால் கெட்டது. 2011 இல் உயர் நீதிமன்றமே தலையிட்டுத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட வேண்டியதாயிற்று. விழா நாளிலும் குறை உண்டு. வழிபட வந்தவர்களே பழந்துணிகளையும் நெகிழிப் பைகளையும் ஆற்றில் எறிந்து செல்கின்றனர். காலையில் தாய் என்று கும்பிட்ட ஆற்றை மாலையில் குப்பைக்குழி ஆக்குவது வழிபாடு ஆகுமா? பிறர் செய்வதையே தாமும் செய்ததாக அவர்கள் கூறலாம். ஒவ்வொருவரும் எறிவது ஒரு பை. ஆறு சுமப்பதோ ஆயிரம் பை.

முன்னாளில் ஊரார் ஒன்றுகூடி ஏரியையும் வாய்க்காலையும் தூர்வாரினர். அதனைக் குடிமராமத்து என்றனர். நீர் வருமுன் அதற்கு வழி செய்து வைத்தவர், நீர் வந்த நாளில் மகிழ்ந்து கொண்டாடினர். விழாவிற்கு அவ்வுழைப்பே உரிமை தந்தது. உழைப்பை விட்டு விழாவை மட்டும் கொள்வது, விதைக்காமல் அறுக்க நினைப்பதை ஒக்கும்.

ஆடி ஆகாத மாதம் என்னும் சொல் மறையட்டும். ஊர் வாய்க்காலைத் தூர்வாரும் இளைஞரும், மாலையின் நாரையும் பையையும் கரையிலேயே சேர்த்து எடுத்துச் செல்லும் சிறுமியும் காவிரித் தாய்க்குச் செய்யும் பூசை மேலானது. அத்தகையோர் பெருகும் ஊரில் ஆடிப் பெருக்கு பொருளுடைய விழாவாக நிலைபெறும்.